சைகோனில் குடியேறுகிறோம்: மொழி தெரியாமல் ஓட்ட முடியுமா?

கேள்வி, 1 செப்டம்பர் 2025

"என் கணவருக்கு ஹோ சி மின் நகரத்தில் (பழைய பெயர் சைகோன்) வேலை கிடைத்திருக்கிறது. தீபாவளி முடிந்ததும் இருவரும் கிளம்புகிறோம். நான் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. வியட்நாமிய மொழி ஒரு வார்த்தை தெரியாது. ஆங்கிலத்தை வைத்து ஓட்டிவிடலாமா? வீடு எந்தப் பக்கம் பார்க்கலாம்? அங்கே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்."

2 செப்டம்பர்

நாங்கள் இருக்கிறோம். வந்து ஆறாவது நாள். ஆறு நாள் அனுபவத்தில் அறிவுரை சொல்லக் கிளம்பிவிட்டான் என்று நினைக்காதீர்கள். நினைத்தாலும் பரவாயில்லை, சொல்கிறேன்.

மொழி வேண்டவே வேண்டாம். கைப்பேசியில் மொழிபெயர்ப்புச் செயலி இருந்தால் போதும். வீட்டுக்கார அம்மாவிடம் வாடகை, முன்பணம், மின்சார யூனிட் எல்லாம் அப்படித்தான் பேசி முடித்தோம்.

வீடு பின் தான் என்ற பகுதியில். அலுவலக நண்பர் முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தார். பெயரைக் கேட்டதும் என் மனைவி, "அப்போ எல்லாம் பின்தான் கிடைக்கும்போல" என்றாள். அப்படியே ஆனது. நாங்கள் இறங்கியது வியாழக்கிழமை. சனிக்கிழமையிலிருந்து நான்கு நாள் தொடர் விடுமுறை. இன்று இவர்களுடைய தேசிய நாள், இந்த வருடம் 80-வது. தெருவெல்லாம் சிவப்புக் கொடி, வங்கியெல்லாம் பூட்டு.

ஒரு படுக்கையறை வீடு. மாத வாடகை ஒரு கோடியே இருபது லட்சம். பதற வேண்டாம், இவர்களுடைய பணமான டாங்கில். மூன்று சைபரை வெட்டிவிட்டு மூன்றால் பெருக்கி, மேலே கொஞ்சம் போட்டுக்கொண்டால் ரூபாய் கணக்கு வரும். கிட்டத்தட்ட நாற்பதாயிரம். இரண்டு மாத முன்பணம், ஒரு மாத வாடகை. ஆக மொத்தம் மூன்று கோடியே அறுபது லட்சத்தை என் கையால் எண்ணிக் கொடுத்தேன். ஐந்து லட்சம் நோட்டில் 72 தாள். கோடீஸ்வரன் கட்டு சட்டைப் பையில் அடங்கிவிட்டது.

3 செப்டம்பர்

முக்கியமானதை விட்டுவிட்டேன். கழிப்பறையில் கைக்குழாய் இருக்கிறது. இங்கே அது சாதாரணம். யாரும் கேட்கக் கூச்சப்படும் கேள்வி, அதனால் கேட்காமலே சொல்லிவிட்டேன்.

குடிக்க கேன் தண்ணீர். போன் செய்தால் ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டு வந்து காலிக் கேனை எடுத்துப் போகிறார். அந்த நிமிஷம் திருச்சியில் இருப்பது போலவே இருந்தது.

5 செப்டம்பர்

நோட்டைப் பற்றி எச்சரிக்கை. இருபதாயிரமும் நீலம், ஐந்து லட்சமும் நீலம். எல்லா நோட்டிலும் அதே ஹோ சி மின் படம். பத்தாயிரத்திலிருந்து மேலே எல்லாம் வழவழவென்று பிளாஸ்டிக், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

நேற்று மாலை தெருமுனை வண்டியில் பழம் வாங்கிவிட்டு இருபதாயிரம் கொடுத்ததாக நினைத்து நடந்துவிட்டேன். பின்னால் கத்திக்கொண்டே ஒரு அம்மா ஓடி வந்தார். ஏதோ தகராறு என்று பயந்து வேகமாக நடந்தேன். அவரும் வேகமாக வந்தார். கடைசியில் என் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையில் ஐந்து லட்சத்தை அறைந்து வைத்து, அதிலிருந்த சைபர்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினார். ஐந்து. அப்புறம் என் சட்டைப் பையிலிருந்து தானே இருபதாயிரத்தை எடுத்துக்கொண்டார். நான் திரும்பத் திரும்ப "தேங்க்யூ" என்று சொல்லிக்கொண்டு நின்றேன். அவர் ஏதோ கேட்டார். செயலியைத் திறப்பதற்குள் போய்விட்டார்.

ஐந்து லட்சத்தை இப்போது கைப்பேசி உறைக்குள் தனியாக வைத்திருக்கிறேன்.

7 செப்டம்பர்

சைவம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாங்கள் செய்த தவறு: "இறைச்சி வேண்டாம்" என்று செயலியில் அடித்துக் காட்டினோம். இறைச்சி இல்லாமல்தான் கொண்டுவந்தார்கள். மேலே இறால் இருந்தது. அவர்கள் கணக்கில் அது சரிதான், இறால் இறைச்சி இல்லையே.

சொல்ல வேண்டியது "சாய்" என்ற ஒரே சொல். அசைவமே கலக்காத கோவில் சாப்பாடு என்று பொருள். அதைச் சொன்னால் மீன் சாறும் வராது. இந்த மீன் சாறுதான் உண்மையான வில்லன். கீரை வதக்கலிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சாய் என்று பலகை மாட்டிய கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் உள்ளே சோயாவில் மீன் மாதிரியே, செதில் கோடு முதற்கொண்டு செய்து வைத்திருப்பார்கள். என் மனைவி (அவளும் உங்கள் கட்சிதான்) தட்டைப் பார்த்துவிட்டு எழுந்தே போய்விட்டாள். சமாதானம் செய்து உட்கார வைக்க அரை மணி ஆனது.

இன்னொரு விஷயம், உங்களுக்குப் பிடிக்கும். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சாதாரண மக்களே நிறையப் பேர் சாய் சாப்பிடுகிறார்கள். அதாவது அமாவாசையும் பௌர்ணமியும். நம் வீட்டுக் கதைதான்.

நேற்று ஏழாம் மாதப் பௌர்ணமி, வு லான். அலைகிற ஆவிகளுக்குப் படையல். எங்கள் வீட்டுக்கார அம்மா வாசலில் மேசை போட்டு கஞ்சி, கரும்புத் துண்டு, உதிரி நோட்டு, பொரி எல்லாம் வைத்து ஊதுபத்தி கொளுத்தினார். தகர டப்பாவில் காகிதப் பணத்தை எரித்தார். கடைசியில் உப்பையும் அரிசியையும் தெருவில் தூவினார். தெருப் பிள்ளைகள் படையலைப் பிடுங்கிக்கொண்டு ஓடின. யாரும் திட்டவில்லை, அதுதான் வழக்கமாம். நாளைக்கு நமக்கு மஹாளய பட்சம் தொடங்குகிறது. என் மனைவி மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் நின்றாள். அவளுடைய அம்மா தவறி இது இரண்டாவது வருடம்.

10 செப்டம்பர்

சமையலறைச் செய்தி, மூன்று விபத்து.

ஒன்று, மிக்ஸி. நம் ஊர் மூன்று முனை பிளக் இங்கே எந்தச் சுவரிலும் நுழையாது. அடாப்டர் வாங்கினேன், அரைக்கும்போது சூடேறி வாடை வந்தது. எலக்ட்ரீஷியன் வந்து பிளக்கையே வெட்டி எறிந்துவிட்டு உருண்டை இரு முனை வைத்துக் கொடுத்தார். நீங்கள் வந்த அன்றே அதைச் செய்துவிடுங்கள்.

இரண்டு, குக்கர். வீட்டில் இன்டக்ஷன் அடுப்பு. அலுமினியக் குக்கரை வைத்தால் அடுப்பு "பீப், பீப்" என்று அழுகிறது. பெட்டியில் ஐந்து கிலோ எடையை அதற்கு ஒதுக்கியிருந்தேன்.

மூன்று, அரிசி. இது என் தவறு என்று பதிவு செய்யச் சொல்லி மேலிட உத்தரவு. குட்டையாக, வெள்ளைவெளேரென்று இட்லி அரிசி போலவே இருந்ததை மூன்று கிலோ வாங்கினேன். அரைத்துப் புளிக்க வைத்துக் கல்லில் ஊற்றினால் தோசை எழும்பவே இல்லை. கரண்டியால் இழுத்தால் பசை போல நூல் நூலாக வருகிறது. அது நெப், ஒட்டரிசி. சுவரொட்டி ஒட்டலாம்.

11 செப்டம்பர்

அரிசிக்கு விடை கிடைத்துவிட்டது. சந்தையில் அரிசிக்கார அம்மாவிடம் செயலியில் "ஒட்டாத அரிசி" என்று காட்டினேன். ஒரு மூட்டையைத் தட்டி, அட்டையில் எழுதியிருந்த எண்ணைக் காட்டினார்: 504. வீட்டுக்கு வந்து தேடினால் முழுப்பெயர் ஐஆர் 50404. அப்பா லால்குடியில் வருஷக்கணக்காகப் பயிரிட்ட ஐஆர் 20-க்கு ஒன்றுவிட்ட தம்பி. இரண்டும் பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சி நிலையத்துப் பிள்ளைகள். போனில் சொன்னதும் அப்பா முதல் கேள்வி: "எத்தனை நாள் பயிராம்?" மருமகள் எப்படி இருக்கிறாள் என்பது மூன்றாவது கேள்வி.

தோசை வந்தது. இட்லிக்குப் புழுங்கல் வேண்டும், அது சந்தையில் கண்ணில் படவில்லை. இந்தியக் கடைக்குத்தான் போக வேண்டும். பாசிப்பருப்பு இங்கேயே எல்லா இடத்திலும் கிடைக்கும், சுமந்து வராதீர்கள். உளுந்தும் கறிவேப்பிலை விதையும் கொண்டு வரலாம் என்று எழுத வந்தேன். விதை சட்டப்படி சரியா என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள், என்னை மாட்டிவிடாதீர்கள்.

14 செப்டம்பர்

2-ம் தேதி "மொழி வேண்டவே வேண்டாம்" என்று எழுதியிருக்கிறேன் அல்லவா? அதை வாபஸ் வாங்குகிறேன்.

நேற்று மாலை கைப்பேசி அணைந்துவிட்டது. தெருமுனையில் நின்ற பைக் டாக்ஸிக்காரரிடம் (இங்கே பெயர் "ஸே ஓம்", ஓம் என்றால் கட்டிப்பிடிப்பது, கட்டிப்பிடி வண்டி) "பின் தான்" என்றேன். தலையை ஆட்டினார். இருபது நிமிடத்தில் இறக்கிவிட்ட இடம் பென் தான் சந்தை, எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்த் திசை. நான் "நோ, நோ, பின் தான்" என்றேன். அவர் சந்தையின் கடிகாரக் கோபுரத்தைக் காட்டி, "பென் தான்!" என்றார். நான் "பின் தான்". அவர் "பென் தான்". சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது.

இதில் என்ன கொடுமை என்றால், தினமும் நான் பின் தானில் குடியிருந்து, வான் தான் நிலையத்தில் மெட்ரோ ஏறி, பென் தானில் இறங்குகிறேன். தமிழ்க் காதுக்கு மூன்றும் ஒரே "தான்". அவர்களுக்கு மூன்றும் வேறு வேறு சுருதி. ஒன்று ஏறும், ஒன்று இறங்கும், ஒன்று தொண்டையில் அடைத்து நிற்கும். நான் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துச் சொல்லியிருக்கிறேன். உயிரெழுத்து வேறு என்று எனக்காவது தெரிந்தது. அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை, சுருதியை மட்டும்தான் கேட்டார்.

மெட்ரோ நன்றாக இருக்கிறது. 2024 டிசம்பர் 22-ல் திறந்தது, 14 நிலையம். அதன் வழியில் வீடு பாருங்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில்.

16 செப்டம்பர்

ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "நம் தமிழுக்கு வியட்நாமிய உச்சரிப்பில் எதுவுமே சாதகம் இல்லையா?" இருக்கிறது. ங. பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகிவிட்டு ஆயுள் முழுக்க வேலை கொடுக்காமல் உட்கார வைத்திருக்கிறோமே, அந்த ங. இங்கே அதற்கு முழுநேர வேலை. ஊரில் பாதிப் பேருக்கு ஙுயென் என்று குடும்பப் பெயர். (பாதி மிகை. அதிகம் என்று திருத்திப் படிக்கவும்.) வெள்ளைக்கார சகாக்கள் அதைச் சொல்ல முடியாமல் திணறும்போது நான் அநாயாசமாகச் சொல்லிவிடுவேன்.

17 செப்டம்பர்

இப்போது என் மனைவியின் புகார். அவள் சார்பில் எழுதுகிறேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

லிஃப்டில் பார்க்கிறவர்கள், காய்கறி விற்கிறவர்கள், எல்லாரும் இரண்டாவது வாக்கியத்திலேயே வயதைக் கேட்கிறார்கள். "முன்பின் தெரியாதவளிடம் வயசு கேட்பது என்ன பழக்கம்?" என்று இரண்டு வாரமாகக் கொதித்தாள். அது போதாதென்று வயதைச் சொன்னதும் அவளைப் பார்த்து "சீ" என்கிறார்கள். சிரித்துக்கொண்டே "சீ!" காய்கறிக்காரப் பெண் தூரத்திலிருந்தே "சீ ஓய்!" என்று கூப்பிடுகிறாள்.

அலுவலகத்தில் விளக்கம் கிடைத்தது. சீ என்றால் அக்கா. ஓய் என்பது நம் "ஏங்க", "டேய்" போல அழைக்கும் சொல். இந்த மொழியில் நான், நீ என்று பொதுவாக ஒன்றைச் சொல்லிவிட்டுப் போக முடியாது. ஆண் என்றால் மூத்தவர் "ஆன்", இளையவர் ஆணோ பெண்ணோ "எம்", சித்தப்பா வயதென்றால் "சூ". அக்காவுக்கு சீ, சித்தப்பாவுக்கு சூ. நாம் காக்கை விரட்டுகிற சத்தத்தில் ஒரு குடும்பமே நடக்கிறது. வயது தெரியாமல் அடுத்த வாக்கியத்தை ஆரம்பிக்கவே முடியாது, அதனால்தான் கேட்கிறார்கள். பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரரை அண்ணனா, மாமாவா என்று ஒரு நொடி கண்ணால் எடை போடுகிறோமே, அதை இவர்கள் வாய்விட்டுக் கேட்டுவிடுகிறார்கள்.

செயலி இதை எல்லாம் தட்டையாக்கிவிடுகிறது. நான் மூன்று வாரமாக எழுபது வயதுத் தண்ணீர் கேன்காரரிடம் என்ன மரியாதையில் பேசியிருக்கிறேன் என்று யோசித்தால் காது சுடுகிறது.

17 செப்டம்பர், இரவு

கேன்காரருக்கு எழுபது இல்லை, 58. கேட்டுவிட்டேன். "சூ" என்று கூப்பிட்டேன். கேனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

19 செப்டம்பர்

காகித வேலை பற்றிச் சுருக்கமாக, ஏனென்றால் எழுதவே எரிச்சல். உங்களுக்குத் துணைவர் விசா என்றால் திருமணச் சான்றிதழை ஊரிலேயே வெளியுறவு அமைச்சகத்தில் சான்றொப்பம் வாங்கி, அதன் பிறகு வியட்நாம் தூதரகத்திலும் முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள். அப்போஸ்டில் (பல நாடுகள் ஏற்கும் ஒற்றைச் சான்று முத்திரை) மட்டும் இருந்தால், 2025 நிலவரப்படி, இங்கே எடுபடாது. தங்குமிடத்தைக் காவல்துறையில் பதிவது வீட்டுக்காரர் பொறுப்பு. வந்த 12 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும், செய்தாரா என்று கேளுங்கள்.

பெயர் வரிசை. இவர்களுக்குக் குடும்பப் பெயர் முதலில், சொந்தப் பெயர் கடைசியில். கூப்பிடுவது கடைசிப் பெயரைச் சொல்லி. என் மனைவியின் பெயருக்குப் பின்னால் மாமனார் பெயர். ஆகவே மருத்துவமனை வரவேற்பறையில் ஒலிபெருக்கியில் மாமனாரை "அக்கா" என்று கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது முறை கூப்பிட்டபோது நான்தான் எழுப்பினேன்.

அப்புறம் முகவரி. 2025 ஜூலை 1 முதல் நகரத்தில் மாவட்டம் என்ற அடுக்கையே எடுத்துவிட்டார்கள். நேராக வார்டுதான், அவற்றையும் சேர்த்துப் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் வாடகை ஒப்பந்தத்தில் பழைய முகவரி, காவல்துறைப் பதிவில் புதிய முகவரி. ஒரு வங்கியில் இரண்டும் வேறு வீடு என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ஒப்பந்தத்தைப் புது வார்டுப் பெயரில் எழுதச் சொல்லுங்கள். பேச்சில் இன்னும் எல்லாரும் பழைய மாவட்டத்தைத்தான் சொல்கிறார்கள், நீங்களும் அப்படியே தேடுங்கள்.

23 செப்டம்பர்

7-ம் தேதி எழுதியதில் பிழை. முதல் நாள் என்றால் அமாவாசை என்று அடித்துவிட்டேன். ஞாயிறு 21 நமக்கு மஹாளய அமாவாசை. என் மனைவி விரதச் சமையல் செய்து வீட்டுக்கார அம்மாவுக்கும் ஒரு டப்பாவில் கொண்டுபோய், "இன்று உங்களுக்கும் சாய்தானே?" என்று கேட்டாள். அவர் சுவரிலிருந்த நாள்காட்டித் தாளைக் காட்டினார். அவர்களுக்கு முதல் நாள் திங்கட்கிழமைதான். சந்திரன் சூரியனோடு சேர்வது எந்தத் தேதியில் விழுகிறதோ அது அவர்களுக்கு ஒன்று. இந்த முறை அது வியட்நாம் நேரப்படி திங்கள் விடியற்காலை. நமக்கோ அதற்கு முன்பு ஓடுகிற திதி அமாவாசை. ஆக சில மாதம் ஒரே நாள், சில மாதம் ஒரு நாள் முன்பின். சிலர் முப்பதாம் நாளும் பதினாலாம் நாளும் சேர்த்து மாதம் நான்கு நாள் சாய் இருப்பார்களாம்.

டப்பாவை வாங்கிக்கொண்டார். மறுநாள் அதே டப்பா திரும்பி வந்தது, நிறைய அகத்திப்பூ! இவர்கள் அதைப் புளி போட்ட குழம்பில் போடுகிறார்கள். நாங்கள் பொரியல் செய்தோம். டப்பாவைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது இங்கேயும் சட்டம்.

கொடுக்கும்போது என் மனைவியை அவர் "கோன்" என்றார். சீ இல்லை, எம் இல்லை, கோன். பிள்ளை என்று பொருள். அம்மா தன் மகளிடம் சொல்கிற சொல்.

2 அக்டோபர்

சரஸ்வதி பூஜைக்கு மாரியம்மன் கோவில் போனோம். ட்ருவோங் டின் தெருவில், பென் தான் சந்தையிலிருந்து நடக்கிற தூரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வணிகம் செய்ய வந்த தமிழர்கள் கட்டியது. வட்டித் தொழில் செய்த செட்டியார்கள் அப்போது நிறைய இருந்தார்கள். தோன் தாட் தியெப் தெருவில் தண்டாயுதபாணி கோவில் ஒன்றும் உண்டு. 1975-க்குப் பிறகு பெரும்பாலோர் போய்விட்டார்கள், கோவில்கள் நின்றுவிட்டன.

வந்திருந்தவர்களில் நாங்கள் இருவரும்தான் தமிழ் பேசினோம். மற்றவர்கள் எல்லாரும் ஊர்க்காரர்கள், கையில் மல்லிகையும் ஊதுபத்திக் கட்டும். சன்னதிக்குப் பின்னால் கல்லில் நெற்றியையும் இரண்டு உள்ளங்கையையும் ஒட்ட வைத்து, அம்மன் காதில் சொல்வது போல முணுமுணுக்கிறார்கள். என் மனைவி கொஞ்சம் தயங்கிவிட்டு வரிசையில் நின்றாள். முறை வந்ததும் அவளும் அப்படியே நெற்றியை வைத்தாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன். "உங்களுக்கெதுக்கு?" என்றாள்.

9 அக்டோபர்

மழை. ஊரில் குடை எடுத்து வைத்திருந்தால் வெளியே எடுங்கள், வேண்டாம். பைக்கில் போகிறவர்கள் போர்த்துகிற மழைக்கோட்டு ஒன்று உண்டு. இருவருக்கு ஒரே கோட்டு, தலை நுழைய இரண்டு ஓட்டை, முன்பக்கம் ஹெட்லைட் தெரிய ஒரு கண்ணாடித் துண்டு. முதல் தடவை இதற்குள் இருவரும் போனபோது மனைவியின் தலை என் ஓட்டையில் வந்துவிட்டது.

பௌர்ணமியை ஒட்டி ஆற்றில் அலையேற்றம். மழையே இல்லாத நாளில் எங்கள் தெருச் சாக்கடை வழியாகத் தண்ணீர் மேலே வருகிறது. நேற்று மாலை கணுக்கால் வரை. யாரும் பதறவில்லை, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். தரைத்தளத்தில் வீடு பார்க்காதீர்கள்.

18 அக்டோபர்

எப்போது கிளம்புகிறீர்கள் என்று சொல்லவே இல்லையே. சந்தைக்கு 504 வாங்கப் போகும்போது கூட வருவதாக என் மனைவி சொல்கிறாள்.

ஒரு திருத்தம் விட்டுப்போயிற்று. வீட்டுக்கார அம்மாவை எல்லாரும் "கோ பா" என்பார்கள். கோ என்றால் அத்தை, பா என்றால் மூன்று, மூன்றாவது பிள்ளை என்று நினைத்திருந்தேன். இல்லை. தெற்கு வியட்நாமில் மூத்த பிள்ளையையே "இரண்டு" என்றுதான் எண்ணத் தொடங்குவார்கள், ஒன்று கிடையாது. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. ஆக அவர் இரண்டாவது பிள்ளை. அவருடைய அண்ணன் ஒருநாள் வந்தார், என்னைப் பார்த்து "ஆன் பை" என்று சிரித்தார். ஏழாவது அண்ணன். அந்தக் காலத்தில் இந்தியர்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். எனக்கு முன்னால் பிறந்த மற்ற ஐந்து பேர் யார் என்று தெரியவில்லை.

தை மாதம் அம்மா இங்கே வருகிறார். கோ பாவிடம் நேற்றுச் சொன்னோம், செயலி இல்லாமல், பாதி கையால். உடனே கேட்டார்: வயது என்ன? 62 என்றேன். அவருக்கு 60. முகம் மலர்ந்து, கையைத் தட்டி, வாசலில் நின்று எப்படி வரவேற்பார் என்று நடித்தே காட்டிவிட்டார்: "சீ! சீ!"

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.